நாலாம் நம்பர் வாளி

எங்கள் லைன் வீட்டில் ஏழு குடித்தனங்களுக்கு இரண்டு கக்கூஸ். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம், லேத் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற தெருக்களில், இது ஒன்றும் மோசமான கணக்கு இல்லை. நீளமான காம்பவுண்டு. ஒரு பக்கம் வரிசையாக வீடுகள், எதிர்ப்பக்கம் துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி. கோடியில், கடைசி வீட்டுக்கு நேர் எதிரே, சிமெண்டு ஓடு வேய்ந்த இரண்டு கக்கூஸ்கள் ஒட்டியபடி இருந்தன. வீட்டுக்காரம்மா மாடியில் குடியிருந்தார். அங்கே நான்கு பேருக்கு மூன்று கக்கூஸ் இருந்தன.

காலையில் ஆட்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள். வாளிகள் நிற்கும். கக்கூஸுக்குள் குழாய் கிடையாது என்பதால் அவரவர் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்து காபி குடிக்கலாம். முறை வந்ததும் யாராவது குரல் கொடுப்பார்கள். எல்லா வாளியும் ஒரே கடையில் வாங்கின ஒரே நீலம். அதனால் வீட்டு நம்பரை எழுதி வைப்பது வழக்கம். மற்றவர்கள் மார்க்கர் பேனாவில் எழுதுவார்கள், அது ஒரு மாதத்தில் அழிந்துபோய் சண்டை வரும். என் அப்பா பட்டறையில் டர்னர். பட்டறையில் மிஞ்சின எனாமல் பெயிண்டைக் கொண்டுவந்து, வாளியில் சிவப்பாகப் பெரிய 4 ஒன்று எழுதி, அதற்கு மஞ்சளில் ஓரமும் கட்டினார். காய்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காம்பவுண்டில் அது எங்கே இருந்தாலும் தெருவிலிருந்தே தெரியும்.

எனக்குப் பத்து வயதில் வயிற்றுவலி ஆரம்பித்தது. முதலில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் ரத்தம் போனது, மூலம் என்றார்கள். இளைத்துப் போனேன், டி.பி. என்றார்கள். நடுவில் ஒருவர் வேப்பிலை அடித்து மந்திரித்தார், அதற்குப் பணம் வாங்கவில்லை என்பதால் அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. கடைசியில் ஆஸ்பத்திரியில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, குரோன்ஸ் என்று பெயர் சொன்னார்கள். என் உடம்பின் எதிர்ப்பு சக்தி என் குடலையே எதிரி என்று நினைத்துக்கொண்டு அரிக்கிறதாம். மோட்டார் கம்பெனி பேர் மாதிரி இருக்கிறதே என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. பெண் பிள்ளையாயிற்றே என்று சொந்தக்காரர்கள் யாருக்கும் அவள் சொல்லவும் இல்லை. கோபியில் இருக்கிற மாமாவுக்கே அல்சர் என்றுதான் தெரியும்.

ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை போக வேண்டியிருக்கும். வருகிறது என்று தெரிந்தபின் எனக்கு இரண்டு நிமிடம்தான் உண்டு. எத்தனை முறை, ரத்தம் உண்டா, வலி உண்டா என்று எழுதிவைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்ததால், அம்மா ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதிவாரியாக எழுதி வந்தாள். காம்பவுண்டில் எனக்கு வரிசை கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டவர் முதல் வீட்டு மாமா. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், மேற்பார்வை பார்க்க வேறு இடம் இல்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாளியோடு ஓடிவந்தால், "உடுங்க, உடுங்க, பாப்பா வருது" என்று சத்தம் போடுவார். எல்லா வாளியும் ஒதுங்கும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. பட்டறையை மூடிவிட்டார்கள், பள்ளிக்கூடம் அப்பாவின் போனுக்குள் போய்விட்டது. ஊரே எதிர்ப்பு சக்தியை ஏற்றிக்கொண்டிருந்தது. தெருமுனையில் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள், முதல் வீட்டு மாமா மூன்று டம்ளர் குடித்துவிட்டு நான்காவதற்குப் போனார். நான் மட்டும் தினமும் காலையில் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பயம். இரண்டு நாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுப்பதா வேண்டாமா என்று நின்றாள். அப்புறம் அப்பா டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மாத்திரையை நிறுத்தினால் கொரோனா வருவதற்குள் குடல் கெட்டுவிடும், நிறுத்தாதீர்கள், ஆனால் பிள்ளையை வெளியில் மட்டும் விடாதீர்கள் என்றார் டாக்டர்.

"கக்கூசு வெளியதானுங்க இருக்குது, டாக்டர்" என்றார் அப்பா.

 அப்படியானால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

கடைசி வீட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தார். முப்பது வயது இருக்கும். பவானிப் பக்கத்துக்காரர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைக்கிற வேலை. புருஷன் என்று ஒருவர் இருந்ததாகவும் இல்லை என்றும் துவைக்கிற கல்லில் இரண்டு கட்சி உண்டு. முந்தின வருஷம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று சொன்னபோது, வீட்டுக்காரம்மா மாடியில் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டினார். மறுநாள் அந்த அக்காவைக் கூப்பிட்டு, இனி வேலை முடிந்து வந்தால் வெளிக் குழாயிலேயே தண்ணீர் வார்த்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்றார். அக்கா சரிங்க என்றார். அவர் எதற்கும் சரிங்க என்றுதான் சொல்வார். எனக்கு அது கொஞ்சம் மக்குத்தனமாகப் பட்டது.

அந்த அக்காவுக்குத்தான் எங்கள் காம்பவுண்டில் முதலில் வந்தது. மாநகராட்சியிலிருந்து வந்தவர், எங்கேயும் படுக்கை இல்லை, மூச்சுத் திணறல் இல்லாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் கக்கூஸ் தனியாக வேண்டும் என்றார். இரண்டில் இடப்பக்கத்தை அக்காவுக்கு ஒதுக்கினார்கள். மாநகராட்சிக்காரர் மருந்தடித்து, பிளீச்சிங் பவுடர் பொட்டலம் ஒன்றை அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டு, ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். காகிதம் போதாது என்று முதல் வீட்டு மாமா ஓர் அட்டையில் ‘கொரோனா. யாரும் போகக் கூடாது’ என்று எழுதிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். எழுத்து நன்றாக இருந்தது.

மீதி ஆறு வீடு, இருபத்து மூன்று பேர், ஒரு கக்கூஸ். ஆண்கள் எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள். எனக்கு வழிவிடுகிற சட்டம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வெளியே இருக்கிற வாளியை ஒதுக்கலாம், உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளை என்ன செய்வது? இரண்டாம் நாள் காலை நான் ஓடிப்போனபோது உள்ளே யாரோ போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா கதவைத் தட்டினார். "இதோ வந்தர்றேனுங்க" என்று பதில் வந்தது. அவர் வருவதற்குள் எனக்குப் போய்விட்டது. நின்ற இடத்திலேயே. ஆறாம் நம்பர் வீட்டுப் பெண் என் வகுப்பில் படிப்பவள், எனக்குப் பின்னால் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் வானத்தைப் பார்த்தாள். நல்ல பெண். அன்றைக்கு எனக்குச் செத்துப்போய்விட்டால் தேவலை என்று இருந்தது, அந்த வார்த்தையைத்தான் அம்மாவிடமும் சொன்னேன்.

அம்மா என்னைக் கழுவிவிட்டு நேராக மாடிக்குப் போனாள். படிக்கட்டின் பாதியில் நின்று, மாடிக் கக்கூஸில் ஒன்றை எனக்கு விடும்படி கேட்டாள், அதற்கு மேல் ஏறக் கூடாது என்று உத்தரவு. வீட்டுக்காரம்மா வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் பேசுவார். அன்று அவருக்குக் கோபம் இல்லை. "உம்புள்ளைக்குன்னா நா மாட்டேம்பனா, அம்மிணி? மாமனாருக்கு நெஞ்சுல ஆப்பரேசன் பண்ணுன ஒடம்பு. சித்தெ பொறுத்துக்க" என்றார். அம்மா சரிங்க என்று இறங்கி வந்தாள்.

நான்காம் நாள் மத்தியானம் மறுபடி அதே நிலை. உள்ளே ஆள். மாமா சாப்பிடப் போயிருந்தார், காம்பவுண்டில் யாரும் இல்லை. எனக்கு இரண்டு நிமிடத்தில் ஒரு நிமிடம் முடிந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு கக்கூஸ் காலியாக நின்றது. அட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதன் கதவில் கை வைத்தேன்.

"வேண்டாஞ் சாமி, அதுக்குள்ள போவாத. சீக்கு ஒட்டிக்கும்."

கடைசி வீட்டு ஜன்னல். அக்கா இரண்டு முகமூடி போட்டுக்கொண்டு கம்பிக்குப் பின்னால் நின்றிருந்தார், கண் மட்டும் தெரிந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். எனக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

வெளியே வந்தபோது அவர் ஜன்னலில் இல்லை. நான் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். யாரும் பார்க்கவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், ஊரே செத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வரிசை இல்லாத ஒரு கக்கூஸ், அதுவும் கூப்பிடு தூரத்தில். கொரோனாவைப் பற்றி எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். மற்றது நிச்சயமாக வரும், ஆறாம் நம்பர்க்காரி எதிரே வரும்.

மறுநாளிலிருந்து அக்கா எதுவும் சொல்லவில்லை. நான் போனபோது தரை கழுவி ஈரமாக இருந்தது, பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணை எரித்தது. கதவு விரியத் திறந்து, ஆடாமல் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. அதற்கடுத்த முறை கதவு சாத்தியிருந்தது, ஜன்னலிலிருந்து ஒரு கை மட்டும் பொறு என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து கழுவிவிட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு விதி பிடிபட்டது. கதவு திறந்திருந்தால் போகலாம், சாத்தியிருந்தால் போகக் கூடாது. பெரும்பாலும் திறந்தேதான் இருந்தது. இவ்வளவு சுத்தமான கக்கூஸை அந்தக் காம்பவுண்டில் நான் பார்த்ததே இல்லை. மாநகராட்சிக்காரர்கள் நாம் பார்க்காத நேரத்தில் வந்து நன்றாகத்தான் வேலை செய்கிறார்கள், மாமா சும்மா அவர்களைத் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா கழுவினதை ஒரு தடவை பார்த்தும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நாட்களில் அம்மா தினமும் மத்தியானம் கொஞ்சம் ரசம் சாதமோ கஞ்சியோ ஒரு பாத்திரத்தில் கொண்டுபோய் அக்கா வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று கூப்பிடுவாள். அக்கா கதவைத் திறந்து எடுத்துக்கொள்வார். உள்ளேயிருந்து இருமல் கேட்கும். சாயங்காலம் அம்மா நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு எத்தனை என்று கேட்பாள். எட்டு என்பேன், ஒன்பது என்பேன். எழுதிக்கொள்வாள். அந்த நோட்டு இப்போதும் வீட்டில் இருக்கிறது, போன மாதம் வேறு எதையோ தேடும்போது கையில் கிடைத்தது. அந்த ஒரு வாரமும் எண்ணிக்கை ஒழுங்காக எழுதியிருக்கிறது. ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ் இருந்த நாளில், ஒன்பது முறை எங்கே போனாய் என்று அவள் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. துவைக்க வேண்டிய துணி திடீரென்று குறைந்துபோனது பற்றியும் கேட்கவில்லை.

பிடிபட்டதற்குக் காரணம் கணக்கு டீச்சர். நான் உள்ளே இருந்தபோது ஆன்லைன் வகுப்பில் பெயர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அப்பா வாசலில் நின்று போனை ஆட்டிக்கொண்டு, "கண்ணு, பேரு வாசிக்கறாங்க, ஓடியா" என்று கத்தினார். என் நம்பர் ஒன்பது. வெளியே பாய்ந்து, தொட்டியில் கை கழுவி, ஓடிப்போய் பிரசன்ட் மிஸ் சொல்லிவிட்டேன். வாளியை உள்ளேயே விட்டுவிட்டேன்.

அரைமணி நேரம் கழித்துக் காற்றில் அட்டை கழன்று விழுந்தது. அதைத் திரும்பக் கட்டப்போன மாமா, திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். சிவப்பு 4, மஞ்சள் ஓரம்.

அவர் போட்ட சத்தத்தில் ஆறு வீடும் வாசலுக்கு வந்தன. வீட்டுக்காரம்மா மாடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். எல்லோரும் முகமூடியோடு தள்ளித் தள்ளி நின்றார்கள். அப்பா முதலில், "யாராச்சும் தெரியாம எடுத்து வெச்சிருப்பாங்க" என்றார். மாமா வாளியை ஒரு குச்சியால் தட்டி, "இந்த நம்பர் கண்ணு தெரியாதவனுக்கும் தெரியுமுங்களே" என்றார்.  அப்பா தன் கைவேலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தக் கக்கூஸிலிருந்து வந்து அதே தொட்டியில் தண்ணீர் மொண்டிருக்கிறது, அதே கல்லைத் தொட்டிருக்கிறது, இருபத்து மூன்று உயிர் இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது. அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரம்மா எல்லோரும் முடிக்கிற வரை காத்திருந்தார். அப்புறம் அம்மாவிடம் சொன்னார்.

"சீக்காளிப் புள்ளைன்னு இத்தன நாளும் எல்லாரும் அனுசரிச்சமா இல்லியா? நீங்களா அனுப்பி வெச்சிருந்தா, நாளைக்கே வேற ஊடு பாத்துக்குங்க. என்னால முடியாது."

அம்மாவின் கை என் தோள்மேல் இருந்தது.  ஊரடங்கில், போலீஸ் மறிக்கிற தெருவில், ஒரு நாளைக்குப் பத்து முறை கக்கூஸ் போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவது? அது எனக்கும் தெரிந்தது. கோபிக்குப் போகலாம் என்றால் இ-பாஸ் வேண்டும், போனால் அல்சர் கதையும் வெளுத்துவிடும். 

"கண்ணு, நீயே சொல்லு. யாரு உன்ன அதுக்குள்ள போவச் சொன்னது?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

நான் யோசிக்கவே இல்லை. "கடைசி வீட்டு அக்காதான் சொன்னாங்க" என்றேன்.

இதை எழுதும்போதுகூட எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து நிற்கிறார். கதவைத் திறந்து வைத்தது யார், பொறு என்று கை காட்டியது யார், அதற்கு என்ன அர்த்தம் என்று வாதாடுகிறார். அவர் சாமர்த்தியசாலிதான். ஆனால் வேண்டாம் சாமி என்று அந்த அக்கா சொன்னது என் காதில் விழுந்தது, வாயால் சொன்னது அது ஒன்றுதான்.

எல்லோரும் கடைசி வீட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். ஜன்னல் பாதி திறந்திருந்தது. நடந்தது முழுவதும் அக்காவுக்குக் கேட்டிருக்கும். மாமா, "ஏனுங்க, புள்ள சொல்றது நெசமுங்களா?" என்று கேட்டார்.  எனக்கு முகம் எரிந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க. நாந்தேன் சொல்லிப்போட்டேன்" என்றார் அக்கா. அப்புறம் இருமல் வந்துவிட்டது.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. எப்போதும்போல் சரிங்க என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது அது வசதியாக இருந்தது.

அவரை என்னென்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் கக்கூஸ் கழுவுகிறவளுக்கு அடுத்தவர் பிள்ளையின் அருமை எப்படித் தெரியும் என்பதிலிருந்து ஆரம்பித்து, புருஷன் ஏன் இல்லை என்பதில் போய் முடிந்தது. குணமான அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்றார் வீட்டுக்காரம்மா, இரண்டு மொழியிலும். உள்ளேயிருந்து, "சரிங்க" என்று வந்தது.

எங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாறாக எல்லோருக்கும் என்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஒன்றும் தெரியாத பிள்ளை, பெரியவள் சொன்னால் கேட்கத்தானே செய்யும் என்றார்கள். சாயங்காலம் வீட்டுக்காரம்மா அம்மாவைக் கூப்பிட்டு ஒரு சாவியை மேலேயிருந்து போட்டார். மாடிப்படிக்குக் கீழே, பழைய டயரும் உடைந்த நாற்காலியும் அடைத்து வைத்திருந்த ஓர் அறை உண்டு. அது ஒரு கக்கூஸ் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. குழாய்கூட உள்ளேயே இருந்தது, திருகினால் தண்ணீர் வந்தது. அப்பா டயரை எடுத்து வெளியே போட்டார். இனி அது எனக்கு மட்டும். சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஆறு வீட்டுக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்தார்கள். முடிவு வரும்வரை அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னார் டாக்டர். வந்திருந்த மாநகராட்சிக்காரரிடம் மாமா, நீங்கள் ஒழுங்காக வந்து மருந்தடித்திருந்தால் இப்படி ஆகுமா என்று சண்டைக்குப் போனார். "நாங்க மொத நாளு வந்ததோட சரிங்களே, ஆளே இல்லீங்க" என்றார் அவர். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எல்லோருக்கும் இல்லை என்று முடிவு வந்தது. எனக்கும் இல்லை. சாமி காப்பாத்திச்சு என்றார் மாமா.

அந்த நாளுக்குப் பிறகு அம்மா கடைசி வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகவில்லை. எல்லோரும் வாசலிலேயே இருந்தார்கள், கண் எல்லாம் அந்தப் பக்கமே இருந்தது. கொண்டுபோனால் எங்களுக்கும் அவருக்கும் என்ன பேச்சு என்று வந்துவிடும். மத்தியானம் ரசம் கொதிக்கும்போது அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பழக்கத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே வடித்துவிட்டு, மிச்சத்தை ராத்திரி அவளே சாப்பிடுவாள். அக்கா என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை ஸ்டவ் பற்றவைக்கிற சத்தம் கேட்டது, மற்ற நேரம் இருமல்தான்.

தனியாக இருக்கச் சொன்ன நாள் முடிந்து அக்காவுக்கும் இல்லை என்று வந்தது. அடுத்த நாள் காலை ஒரு சரக்கு ஆட்டோ பாஸ் ஒட்டிக்கொண்டு வந்து நின்றது. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், இரண்டு சாக்கு. ஆட்டோக்காரரும் அக்காவும் மட்டும் ஏற்றினார்கள். நடுவில் அக்கா ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார், பாதியாக இளைத்திருந்தார். யாரும் கிட்டே போகவில்லை, கொரோனா போய்விட்டது என்று காகிதம் வந்த பிறகும். ஆட்டோ கிளம்புவதற்கு முன் அவர் எங்கள் வாசலுக்கு எதிரே, தொட்டியோரம் வந்து நின்றார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

"நா வாரனுங்க, அக்கா" என்றார். "பாப்பாளுக்கு அந்த மாத்திரைய மட்டும் நிறுத்திப்போடாதீங்க. வார்டுல நெறையப் பாத்திருக்கேன்."

அம்மா வாயைத் திறந்தாள். மாடிச் சுவரில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார், முதல் வீட்டு வாசலில் மாமா நின்றிருந்தார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார், முகமூடிக்கு மேல் அதுதான் தெரிந்தது. நான் சாவிக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். அதன்பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. அம்மா ஒரு தடவை அவர் நம்பருக்குப் போன் போட்டாள், அது வேறு யாரிடமோ போயிருந்தது.

ஆட்டோ தெரு திரும்பும் சத்தம் கேட்டதும் அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அடுப்பில் எனக்குக் குழைய வேகவைத்த சாதம் இருந்தது. கரண்டியை எடுத்தாள், கிளறவில்லை. அவளைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஞாபகப்படுத்தினால் சரியாகிவிடுவாள் என்று நினைத்தேன்.

"நல்லவேளைம்மா, நம்மளப் போவச் சொல்லல" என்றேன்.

அம்மா திரும்பி என் கன்னத்தில் அறைந்தாள். எனக்கு நோய் வந்த மூன்று வருஷத்தில் வீட்டில் யாரும் என்மேல் கை வைத்ததில்லை. கை ஓங்கினால்கூட அப்பா நடுவில் வந்துவிடுவார். எனக்கு வலித்ததைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தட்டில் சாதத்தைப் போட்டு, ரசம் ஊற்றிப் பிசைந்து, என் வாயில் ஊட்டினாள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு ஊட்டுகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. 

எதற்கு அடித்தாள் என்று சாப்பிட்டுக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன், மாடிக்குக் கேட்டிருக்கும், அதற்குத்தான் என்று முடிவு செய்தேன். அந்த வீட்டில் இருந்த மீதி நாளெல்லாம் நான் மெதுவாகவே பேசினேன்.